போர்டு போகல மச்சி, வயர்தான் லூஸ்

மால், பொருட்காட்சி, எங்க ஆர்கேட் கேம் மெஷின் வச்சிருந்தாலும் அதுல ஒரு பட்டன் மக்கர் பண்ணும். உடனே சைடுல ரெண்டு தட்டு தட்டுவாங்க. ஓடினா ஆட்டம் தொடரும். ஓடலைன்னா "போர்டு போயிடுச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. தட்டினா ஓடுற மெஷின்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது வயரைத்தான். ஆனா லூஸ் கான்டாக்ட்னா நமக்கு இளக்காரம். இன்ஜினியரிங் படிக்கிற நாமே அப்படி நினைக்கிறதுதான் எனக்கு வருத்தம்.

இந்த மெஷினோட உள்ளமைப்பு ரொம்ப எளிமை. ஜப்பான்ல 1985-ல வந்த ஜம்மா முறைப்படி 56 பின் கனெக்டர் ஒண்ணு இருக்கும். பவர், படம், சத்தம், பட்டன் எல்லாம் அது வழியா போர்டுக்குப் போகும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி சிக்னல் வயர் உண்டு. கிரவுண்ட் வயர் மட்டும் பொது. ஒரு பட்டன்ல இருந்து அடுத்த பட்டனுக்குத் தாவித் தாவிப் போகும். நடுவுல ஒரு லக் கழண்டா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லா பட்டனும் ஒரே நேரத்துல படுத்துடும். வயர் போற வரிசையில மூணு பட்டன் ஓடுது, நாலாவதுல இருந்து எதுவும் ஓடலையா? மூணுக்கும் நாலுக்கும் நடுவுல பாருங்க. ஒரே ஒரு பட்டன் மட்டும் போயிருந்தா அதோட ஸ்விட்சையும் சிக்னல் வயரையும் பார்த்தா போதும்.

கேம் அடிக்கடி தானா ரீஸ்டார்ட் ஆகுறது இன்னொரு நோய். பழைய போர்டுல இருக்கிற நிறைய சிப்புக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 5 வோல்ட் லைன்ல ஒரு லூஸ் லக், அதுல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ், 4 ஆம்பியர் கரன்ட் போகுதுன்னு வைங்க. 0.4 வோல்ட் அங்கேயே காலி. போர்டுக்குக் கிடைக்கிறது 4.6. முதல் வருஷம் படிச்ச ஓம் விதிதான் இது.

இங்க மல்டிமீட்டரோட 'பீப்' சத்தத்தை நம்பிடாதீங்க. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அனுப்புற கரன்ட் அவ்வளவு கம்மி. கேம் ஓடும்போதே பவர் சப்ளையோட 5 வோல்ட் முனைக்கும் போர்டோட 5 வோல்ட் பின்னுக்கும் நடுவுல வோல்ட் வச்சுப் பாருங்க. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருக்கணும். இல்லைன்னா கள்ளன் அந்த வழியிலதான் இருக்கான். கிரவுண்ட் பக்கமும் இதே மாதிரி பாருங்க. பழைய டிவி டியூப் உள்ள மெஷின்னா அந்த டியூப் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க; பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கேம் மெஷினை யாருப்பா ரிப்பேர் பண்ணப் போறான்னு கேப்பீங்க. நம்ம ஊரைப் பாருங்க. நாகப்பட்டினத்துல உப்புக்காத்து எந்த செம்புக் கம்பியையும் சும்மா விடாது. பச்சைக் களிம்பு பிடிச்சிடும். ஆகஸ்ட் 29-ல வேளாங்கண்ணியில கொடி ஏறினா செப்டம்பர் 8 வரைக்கும் கடைக்குக் கடை தற்காலிக வயரிங்தான். முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட்ல அதே 0.1 ஓம் இருந்து 16 ஆம்பியர் போனா 25 வாட்டுக்கு மேல சூடு. நம்ம லேப் சால்டரிங் அயர்ன் அளவு சூடு, ஒரு பிளாஸ்டிக் டேப்புக்குள்ள!

அக்கரைப்பேட்டையில இருந்து கடலுக்குப் போற விசைப்படகுலயும் ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் பேட்டரி வயரை நம்பித்தான் இருக்கு. ராத்திரியில ஒரு லக் கழண்டு ஜிபிஎஸ் அணைஞ்சா எல்லைக் கோடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? அங்க தட்டிப் பார்த்து ஓட்டுறது விளையாட்டு இல்ல.

"இது எலக்ட்ரீஷியன் வேலை, நமக்கு டிசைன்தான்"னு சில பேர் சொல்றாங்க. டிசைன் பண்றவனுக்கு எந்த ஜாயின்ட் அதிர்வுல விடும்னு தெரிய வேண்டாமா? ஆடுற இடத்துல சால்டர் மட்டும் வச்சா, ஈயம் கம்பிக்குள்ள ஏறி விறைச்சு, அது முடியுற இடத்துல ஒடியும். வயர் சைஸுக்குச் சரியான லக், அதுக்குன்னே இருக்கிற கிரிம்பிங் டூல், கடைசியா ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறது. இது மூணும் இருந்தா ஜாயின்ட் நிக்கும். கட்டிங் பிளேயரால நசுக்கினது கிரிம்பிங் ஆகாது.

நம்ம லேப்ல ரீடிங் வர்ற வரைக்கும் வயரை ஆட்டுறோம், வந்ததும் கையை எடுக்காம எழுதிக்கிறோம். அந்த ஆட்டத்தை ஒரு பாடமா வச்சா என்ன? ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு மதியம் போதும். ஆளுக்குப் பத்து லக், பேட்ச்சுக்கு ஒரு கிரிம்பிங் டூல், வேணும்னே லூஸாக்கின ஒரு பட்டன் பேனல். எந்த வயர்னு தட்டாம கண்டுபிடிச்சவங்களுக்கு மார்க் போடுங்க. டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பார்க்கலாம். கையெழுத்து போட யார் யார் வர்றீங்க?