ஓர் எழுத்துக்குறி உடைத்த இரகசியம்

எழுத்தின் தலைமேல் இடப்படும் ஒரு சிறு சாய்கோடு என்ன செய்துவிட முடியும்? வாக்காளரின் இரகசியத்தையே வெளியே சொல்லிவிட முடியும் என்பதை நெதர்லாந்து 2006ஆம் ஆண்டில் கண்டது.

அந்நாட்டில் கத்தோலிக்கக் கட்சியும் சீர்திருத்தச் சபையாரின் இரு கட்சிகளும் 1980இல் ஒன்றாய் இணைந்தன. புதிய கட்சிக்கு 'கிறிஸ்தவ மக்களாட்சி அறைகூவல்' என்று பொருள்படும் பெயரை டச்சு மொழியில் சூட்டினர். அப்பெயரின் இறுதிச் சொல் 'அப்பெல்'. அதன் 'எ' எழுத்தின்மேல் ஒலிப்பைக் காட்டும் ஒரு சாய்கோடு உண்டு; நம் எழுத்தின்மேல் நாம் இடும் புள்ளியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

2006இல் நெதர்லாந்தின் வாக்குகளில் பத்தில் ஒன்பது பங்கு 'நெடாப்' நிறுவனத்தின் வாக்குக் கணினிகளில் பதிவாயின. சாதாரண எழுத்துகளைக் காட்டும்போது அதன் திரை நொடிக்கு 72 முறை புதுப்பிக்கப்பட்டது. சாய்கோடிட்ட எழுத்து வந்தாலோ அது 58 முறையாகக் குறைந்தது. அந்த வேறுபாடு வானொலி அலையாய் வெளியே கசிந்தது. சில மீட்டர் தொலைவில் எளியதொரு வானொலிப் பெட்டியுடன் நிற்பவர், உள்ளே ஒருவர் அக்கட்சியைத் தேர்ந்ததைக் காதால் கேட்டே அறிந்துகொள்ளலாம்! திரை போட்டு மறைத்த இரகசியத்தை ஓர் எழுத்துக்குறி வெளியே விட்டது.

இதைக் கண்டறிந்தவர்கள் 'வாக்குக் கணினிகளை நாங்கள் நம்புவதில்லை' என்றே தங்கள் இயக்கத்துக்குப் பெயரிட்ட குடிமக்கள். அதைத் தொடங்கியவர் ரோப் கோங்கிரைப். "இது வாக்கை எண்ணுவதற்கென்றே அமைந்த கருவி, வேறெதுவும் இதற்குத் தெரியாது, வேண்டுமானால் இதைச் சதுரங்கம் ஆடச் செய்யுங்கள், பார்ப்போம்" என்னும் பொருள்பட விற்பனைத் தரப்பு சவால் விட்டது. அவர்கள் உள்ளிருந்த நினைவகச் சில்லுகளை மாற்றினர். கருவி சதுரங்கம் ஆடியது. அதே வழியில் ஒரு கட்சியின் வாக்கை மற்றொன்றுக்கு மாற்றவும் முடியும் என்றும் காட்டினர்.

"இதற்காகவா இத்தனை ஆரவாரம்? அந்தச் சாய்கோட்டை நீக்கிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்வோர் உண்டு. குற்றம் கருவியினுடையது, தண்டனை மட்டும் மொழிக்கா? கருவிக்காக மனிதன் தன் எழுத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்னும் இந்த மனப்போக்கைத்தான் நாம் மறுக்கிறோம். இன்று எழுத்து; நாளை எதைத் திருத்தச் சொல்வார்கள்?

"மோசடி நடந்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லையே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் தடயமே விடாத கருவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தடயம் எங்கே என்று கேட்பது நியாயமாகுமோ? தேர்தலில், தோற்றவனும் தோல்வியை ஏற்கும்படி சான்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. ஐயுறும் குடிமகனுடையது அன்று.

நெதர்லாந்து அரசு இதை உணர்ந்தது. வேறொரு நிறுவனத்தின் கருவிகளிலும் அலைக்கசிவு தெரியவந்ததால், 2006 அக்டோபர் இறுதியில் அவற்றுக்கு அளித்த ஒப்புதல் நீக்கப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் ஆம்ஸ்டர்டாம் நகரம் காகிதத்துக்குத் திரும்பியது. 2008இல் நாடு முழுவதற்கும் காகிதமும் சிவப்புப் பென்சிலும் என்று முடிவாயிற்று. 2017 தேர்தலில், வாக்குகளைக் கூட்டித் தரும் கணினி நிரல்மீதும் ஐயம் எழவே, கையால் எண்ணச் செய்தார்கள். 2009இல் செருமனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், தனித்த தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அயர்லாந்தோ 5 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்ட இதே வகைக் கருவிகளை 2012இல் பழைய இரும்பாய் விற்றது.

காகிதம் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. எண்ணுவோர் களைப்படைவர், தவறுவர். ஆயினும் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும். மீண்டும் எண்ணித் திருத்தலாம். எண்ணும் இடத்தில் ஊரார் நின்று பார்க்கலாம். கருவியின் தவறோ தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். விரைவு வேண்டும் என்பார்கள். நான்கு ஆண்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்க ஓர் இரவு விழித்திருக்க இயலாதா?

இது தொலைதூரத்துக் கதை மட்டுமன்று. இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்விலும் கோங்கிரைப்புக்குப் பங்குண்டு. நம் இயந்திரம் வேறு வகையானது. வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டும் கருவியைப் படிப்படியாகக் கொண்டுவர 2013இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. காகித வாக்குமுறைக்கே திரும்பும் கோரிக்கையை 2024இல் ஏற்கவில்லை. எந்த நாட்டின் எந்தக் கருவியானாலும் கேள்வி ஒன்றே: எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த ஒரு மூதாட்டி, தன் வாக்கு எண்ணப்பட்ட வழியைத் தானே கண்டு தெளிய முடியுமா?

முடியும் என்றால் அது அறிவியல். முடியாது என்றால், வல்லுநரை நம்பு, வாயை மூடு என்று கட்டளையிடும் புதிய குருக்குலம். அதற்குப் பணிய மறுத்த டச்சு மக்கள் பின்தங்கிவிடவில்லை. சிவப்புப் பென்சிலைக் கையிலெடுத்த அவர்கள், எந்தக் கருவியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே அறிந்திருந்தார்கள்.