மடையைத் திறந்துவிட்டு வாளி ஏந்துவதா?

குமரிக் கரையிலே வெண்ணிற மணிகள் ஒதுங்கின. முத்து என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! முத்தும் அல்ல, உப்பும் அல்ல, நொய்யரிசியும் அல்ல. பிளாஸ்டிக் குருணை! குடமும் வாளியும் பையும் வார்ப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கப்பலேறும் மூலப்பொருள்.

2025 மே 25-ஆம் நாள் கேரளக் கடலிலே 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கிற்று. அதில் பறந்த கொடி லைபீரியா நாட்டுக் கொடி. குருணை வந்து கரையேறிய இடமோ திருவனந்தபுரம், கன்னியாகுமரி, அதற்கும் அப்பால் தனுஷ்கோடி! சரக்கை அனுப்பியவன் எவனோ, ஏற்றியவன் எவனோ, இலாபக் கணக்கு எழுதியவன் எவனோ. மணல் வாரிச் சலித்துப் பொறுக்கியவர்கள் நம் மக்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பாட்டிமார் சொன்னது பொய்யா?

நான்காண்டுகளுக்கு முன் இலங்கையிலே நடந்தது இதனினும் கொடுமை. 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற கப்பலில் ஒரு பெட்டியிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. கத்தார் நாட்டு ஹமாத் துறைமுகத்திலே, "இதை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள், மறுத்தார்கள். குஜராத்தின் ஹசீராவிலே கேட்டார்கள், அங்கும் இல்லையென்றார்கள். கசிந்த பெட்டியுடன் கப்பல் கொழும்பை நெருங்கிற்று. 2021 மே 20-இல் தீப்பிடித்தது; ஜூனில் மூழ்கியது. அது ஏற்றிவந்த பிளாஸ்டிக் குருணை மட்டும் ஏறத்தாழ 1,680 டன்! மேற்குக் கரையிலே மீன்பிடிக்கத் தடை விழுந்தது. வலை காய்ந்தது, வலைக்குரியவன் வயிறும் காய்ந்தது. 100 கோடி டாலர் நட்டஈடு தரவேண்டுமென்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2025 ஜூலையில்! துறைமுகத்துக்குத் துறைமுகம் தள்ளிவிட்டதன் விலையை, எந்தத் துறைமுகத்துக்கும் அதிகாரியாக இல்லாத ஏழை மீனவன் கொடுத்தான்.

கப்பல் மூழ்கினால் நமக்குக் கண்ணில் படுகிறது. கண்ணில் படாமல் நாள்தோறும் நடப்பது எவ்வளவு! கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கை வீசக்கூடாது என்று 1988 இறுதியிலேயே உலக விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் கடலைச் சேரும் குப்பையிலே பெரும்பகுதி கரையிலிருந்து போவது. சாக்கடை வழியாக, ஆற்றின் வழியாகப் போவது. ஆண்டொன்றுக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டன் என்று மதிப்பிடுகிறார்கள். கடலுக்கு வேலியில்லை. ஒரு நாட்டுக் குப்பையை மறு நாட்டுக் கரையில் சேர்க்க அலைக்கு அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. ஆகவே, ஒரு நாடு தனித்து நின்று இதைத் தடுக்க முடியாது.

இதை உலகம் உணர்ந்தது. 2022 மார்ச் 2-ஆம் நாள் நைரோபி நகரிலே 175 நாடுகள் கூடி, பிளாஸ்டிக் கேட்டை ஒழிக்க உலக உடன்படிக்கை காண்போம் என்று உறுதி பூண்டன. பிறந்தது முதல் புதைவது வரை பிளாஸ்டிக்கின் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுப்போம் என்றன. 2024 முடிவதற்குள் முடிப்போம் என்றன. கைதட்டினோம்!

கூடினார்கள், கலைந்தார்கள். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் பூசான் நகரிலே கலைந்தார்கள், முடிவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவா நகரிலே பத்து நாள் பேசிக் கலைந்தார்கள், அப்போதும் முடிவில்லை.

ஏன் இல்லை? அதைத்தான், தோழர்களே, ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பூசானில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள், "உற்பத்தியையே குறைப்போம்" என்றன. சவுதி அரேபியா, ரஷ்யா, ஈரான் முதலான எண்ணெய் நாடுகள், "உற்பத்தியைத் தொடாதே, குப்பையை மட்டும் பேசு" என்றன. எண்ணெயும் எரிவாயுவும்தானே பிளாஸ்டிக்கின் தாய்! தாயைப் பழிக்க மகன் விடுவானா?

கணக்கைப் பாருங்கள். 1950-இல் உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். 2019-இல் 46 கோடி டன்! அந்த ஆண்டுக் கழிவில் மறுபடி பயனுக்கு வந்தது நூற்றுக்கு ஒன்பதே பங்கு. மடையைத் திறந்துவிட்டவன், வாய்க்கால் கரையிலே நிற்பவனிடம் வாளியைக் கொடுத்து, "வெள்ளத்தை இறைத்துக்கொள்" என்கிறான். எத்தனை வாளி இறைப்பது? எத்தனை காலம் இறைப்பது?

நம் ஊர் அனுபவமே சான்று. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கில் 14 வகைகளைத் தமிழ்நாடு தடுத்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் மக்கள் கையில் தந்தது. நல்ல செயல், நம் தோள் வலிக்க உழைக்கத்தக்க செயல். இருந்தும், பை கள்ளத்தனமாகக் கடைக்கு வந்துகொண்டேயிருந்தது. ஏன்? செய்கிறவன் செய்துகொண்டே இருந்ததால்! கடைக்காரனைப் பிடித்துத் தண்டம் போடலாம். ஆலைக்காரனை யார் கேட்பது?

சரி, டில்லி எந்தப் பக்கம் நின்றது? கரையெல்லாம் கடலாகக் கொண்ட நாடாயிற்றே, கடலோரத்தான் பக்கம் நின்றிருக்கும் என்று எண்ணுகிறீர்களா? இல்லை! மூலப் பிளாஸ்டிக் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் எதையும் ஆதரிக்க இயலாது என்று பூசானிலே டில்லியின் பிரதிநிதிகள் அறிவித்தார்கள். காரணம் கேட்டால், "வளர்ச்சி உரிமை" என்றார்கள். யாருடைய வளர்ச்சி, ஐயா? தூத்துக்குடி மீனவனின் வளர்ச்சியா? குப்பை பொறுக்கும் தாயின் வளர்ச்சியா?

அதுமட்டுமா? வாக்கெடுப்பு வேண்டாம், எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்று 2023-இல் பாரிஸ் கூட்டத்திலேயே வாதாடிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஊர் கூடித் தேர் இழுக்க வந்தது. வடத்தை ஒருவன் கைவிட்டாலும் தேர் நகரக்கூடாது என்று விதி எழுதினால் அந்தத் தேர் எந்நாளில் நிலைக்கு வரும்?

"உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது நடக்கிற காரியமா?" என்று கேலி பேசுவோர்க்கு ஒரு வரலாறு. ஓசோன் படலத்தைத் துளைத்த வேதிப்பொருள்களின் உற்பத்தியைக் குறைக்க 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை எழுந்தது. ஏழை நாடுகள், "எங்கள் கதி என்ன?" என்று கேட்டன. நியாயமான கேள்வி! 1990-இல் அவர்களுக்கென்று நிதி ஏற்படுத்தினார்கள். 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. ஒருமனதாக ஒப்ப முடியாதபோது, கட்டுப்பாட்டு அளவை மாற்ற மூன்றில் இரு பங்கு வாக்குப் போதும் என்று விதியும் செய்தார்கள். உற்பத்தியைத் தொட்டார்கள், உலகம் அழிந்துவிடவில்லை, ஓசோன் படலம் ஆறத் தொடங்கிற்று.

பிளாஸ்டிக் ஆலையிலே பாடுபடும் தோழன் இதைப் படித்துவிட்டு, "என் பிழைப்பு?" என்று கேட்பான். கேட்கவேண்டும்! அவனை வீதியில் விட்டுவிட்டுக் கடலைக் காப்பது நம் கொள்கையல்ல. மாற்றுத் தொழிலுக்கும் மாறுங்காலக் கூலிக்கும் நிதி வேண்டுமென்று உடன்படிக்கையிலேயே எழுதச் சொல்லி வாதாடுவதுதான் டில்லியின் கடமை. அந்தக் கடமைக்காக மன்றத்தில் நின்றால் நாமும் தோள் கொடுப்போம். தொழிலாளியின் பெயரைச் சொல்லி முதலாளியின் மடையைக் காப்பதற்கு நம் தோள் கிடைக்காது.

நாம் கேட்பது மூன்றே மூன்று. உற்பத்திக்கு ஒரு வரம்பு கட்டுங்கள். ஏழை நாட்டுக்கும் தொழிலாளிக்கும் நிதி ஒதுக்குங்கள். பெரும்பான்மை வாக்கில் முடிவெடுக்க வழி செய்யுங்கள். இந்த மூன்றையும் கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள், தோழர்களே! தொழிற்சங்கத்திலே தீர்மானமாக நிறைவேற்றி டில்லிக்கு அனுப்புங்கள். மீனவர் குப்பத்துக்குச் சென்று அவர்களையும் அழைத்து வாருங்கள்.

மணலில் குருணை பொறுக்கிய கை, மனுவிலே கையெழுத்திடட்டும். மடை இருக்கும் இடம் நமக்குத் தெரியும். அடைக்கச் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு!