இருநூறு ரூபாயில் நிமிருமா இந்த முதுகு?

 

அறுபது வயசு நடவு ஆள் ஒருத்தரையும், அறுபதில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருத்தரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே வருசம் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இவருக்கு முட்டி தேய்ந்து, பல் போய், கண்ணில் புரை விழுந்து கிடக்கிறது. அவர் காலையில் வாக்கிங் போகிறார். கேட்டால் "உடம்பு வாகு அப்படி" என்கிறார்கள்.

உடம்பு வாகா இது? நாற்பது வருசம் சேற்றில் குனிந்து நட்டால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பாடுபட்டால் சிறுநீரகம் கெடும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நம் பெண்கள் பாடு இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பகல் முழுக்க வாய் நனைக்காமல் வயலில் நிற்கிறார்கள். வீட்டில் முட்டையோ பருப்போ இருந்தால் முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு ஆம்பளைக்கு, மிச்சம் இருந்தால்தான் பொம்பளைக்கு. (இதில் சங்கத்துக்காரர்கள் வீடும் சேர்த்தி.) அத்தனையும் அறுபதில் மொத்தமாக வசூலுக்கு வருகிறது. கந்துவட்டிக்காரன் கூட தவணை கொடுப்பான்.

"வைத்தியம்தான் இலவசமாச்சே?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். 2009 முதல் மாநிலத்தில் காப்பீடு இருக்கிறது. 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் வரை என்று மத்திய அரசும் ஆரம்பித்தது. 2021ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் காப்பீடு என்பது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். படுக்காமல் இருக்க என்ன வழி?

கண்புரை ஆபரேசன் இலவசம். கூடப் போகிற மகனுக்கு இரண்டு நாள் கூலி போச்சு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேணும். "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். அதற்குள் கண் தெரியாமல் வரப்பில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. முட்டி மாற்று ஆபரேசன் செய்தாலும் குத்துக்காலிட்டு உட்காராதே, ஓய்வெடு என்கிறார் டாக்டர். ஓய்வெடுத்தால் அன்றைக்கு அரிசிக்கு யார் பொறுப்பு?

ஓய்வுக்குக் காசு வேண்டும், அதுதான் பிரச்சினையே. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி உண்டு. அதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை, அது உழைத்தவர் உரிமை. நாம் உழைக்கவில்லையா? முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயசுக்கு உட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு 2007ல் மாதம் 200 ரூபாய். 2025லும் அதே 200! மாநில அரசு 2011ல் 1,000 ஆக்கியது, 2023ல் 1,200 ஆக்கியது. பன்னிரண்டு வருசத்துக்கு 200 ரூபாய் ஏற்றம். டீ விலை எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் வாங்கப் போனால் "மகன் இருக்கானே" என்று மனு திரும்புகிறது. அந்த மகன் திருப்பூரில் வாடகைக்கே திண்டாடுகிறான்.

2019ல் விவசாயிக்கு மாதம் 3,000 ஓய்வூதியம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். சேர வயது 18 முதல் 40 வரை, சந்தாவும் கட்ட வேண்டும். அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்ட நாமெல்லாம் விவசாயி இல்லையா? எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் 2004 முதல் 2006 வரை ஐந்து அறிக்கை கொடுத்தது. விலையை மட்டும் அது பேசவில்லை. முதுமைக்கால உதவியும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்த சமூகப் பாதுகாப்பைக் கேட்டது. விலைக்கே வழி பண்ணாதவர்கள் இதையா பார்க்கப் போகிறார்கள்!

அறுபது தாண்டிய விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும், ஆண் பெண் இருவருக்கும், மகன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் 5,000 கொடு என்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு நாளாவது எலும்பு டாக்டரும் கண் டாக்டரும் வரவேண்டும்.

ஆர்ப்பாட்டத்தன்று நிற்க முடியாத பெரியவர்களை வெயிலில் கூட்டி வர வேண்டாம். அவர்களுடைய திருப்பி அனுப்பப்பட்ட மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேசன் கார்டு நகல் மூன்றையும் கிளைச் செயலாளரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்துத்தான் அதிகாரி கையில் கொடுப்போம்.