பெட்டிக்குக் காது ஏன் போயிற்று?

திருவாடானையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தில் பாதி கோபம், பாதி கவலை.

"என் பெண் எஞ்சினீயரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், வேளைக்குச் சாப்பிடாமல் ஒரு சின்ன ரேடியோப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். வளையலுக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய பெட்டி. போன வாரம் பக்கத்திலிருந்த டப்பா 'க்ளிக்' என்றது. அன்றிலிருந்து பெட்டிக்குக் காது கேட்கவில்லையாம்! 'பின் முந்திக்கொள்ளவில்லை அம்மா, என் புரோகிராமில்தான் தப்பு' என்கிறாள். தொண்டியில் கடலுக்குப் போகும் அவள் சித்தப்பாவை நினைத்துத்தான் இதெல்லாம் கற்கிறாளாம். இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுக்கலாமா? பெண் பிள்ளைக்கு இது எதற்கு?"

பின் என்றதும் புடவைக்குக் குத்தும் ஸேப்டி பின்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு.

நம் வீட்டுப் பழைய ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடித்தோம். இந்தப் புது ரேடியோ, காற்றில் வரும் அலைகளை ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான எண்களாக நறுக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுகிறது. குமிழின் வேலையைக் கணக்கு செய்கிறது. 'ஸாப்ட்வேர் ரேடியோ' என்ற பெயரை 1990-களின் தொடக்கத்தில் பரப்பியவர் ஜோசப் மிடோலா என்ற அமெரிக்கர். டி.வி. பார்ப்பதற்காக விற்ற மலிவான ஒரு சாதனம் இதற்கும் உதவும் என்று 2012-ல் தெரிந்தபின், மாணவர்களுக்கும் இது எட்டியது.

பெட்டியின் ஓரத்தில் வரிசையாகச் சில உலோகக் காம்புகள் நீட்டிக் கொண்டிருக்கும். அவைதான் பின்கள். பெண் எழுதும் புரோகிராம் "எழு" என்றால் ஒரு பின்னில் பொதுவாக 3.3 வோல்ட் வரும். "படு" என்றால் போய்விடும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன அசைவைக் கொண்டு வெளியே எதையும் ஆட்டி வைக்கலாம். ஒரே ஏரியலில் பேசவும் கேட்கவும் வேண்டுமானால் நடுவே ரிலே என்ற ஸ்விட்ச் வேண்டும். அதைத் திருப்புவது பின்.

இங்கேதான் பாம்பன் பாலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பாகம் கப்பலுக்காக மேலே எழும்பும். அது இறங்கி, உட்கார்ந்து, பூட்டிய பிறகுதான் ரயில் வரலாம். ரயில் முந்தினால்? நினைக்கவே நடுங்குகிறதல்லவா?

ரிலேதான் பாலம், ஒலிபரப்பும் சக்திதான் ரயில். ரிலே திரும்பி நிலைக்கச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகள் ஆகும். கம்ப்யூட்டரோ ஆயிரம் வேலைக்கு நடுவே பின்னுக்குக் கட்டளை அனுப்புகிறது. அது சற்றுத் தாமதித்துப் போய்ச் சேரலாம். அதற்குள் சக்தி கிளம்பிவிட்டால், கேட்கும் வழியில் கசிந்து, மெல்லிய ஒலிக்கென்றே செய்த நுட்பமான பாகத்தைக் கருக்கிவிடும். காது போவது அப்படித்தான்.

பரிகாரம் ஒழுங்குதான். முதலில் பின், பிறகு பொறுத்திரு, அப்புறம் சக்தி. முடிக்கும்போது தலைகீழாக: முதலில் சக்தியை நிறுத்து, பொறு, பிறகு பின். சில உயர்ந்த பெட்டிகளில், 'கேட்கும்போது இப்படி, பேசும்போது இப்படி' என்று பின்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். கம்ப்யூட்டரைக் காத்திராமல் பெட்டியே செய்துகொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. பின்னுக்குப் பலம் சொற்பம். ரிலேயை நேரே அதில் கட்டக் கூடாது. நடுவே ஒரு டிரான்ஸிஸ்டரும், ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் அவசியம். முதலில் ரெஸிஸ்டருடன் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கைக் கட்டி, ஏற்றி அணைத்துப் பழகட்டும். தப்பினால் விளக்குத்தான் போகும்.

சகோதரி, பெண்ணிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒலிபரப்ப அது கட்டாயம். மத்திய சர்க்கார் நடத்தும் அமெச்சூர் பரீட்சையில் தேற வேண்டும். படகுகளின் வி.எச்.எப். ரேடியோவில் 16-ஆவது சானல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அபாயக் குரலுக்கானது. அங்கே விளையாட்டாக ஒரு சத்தம் போட்டாலும், எவருடைய சித்தப்பாவின் கூக்குரலையோ அமுக்கிவிடக் கூடும்.

இனி, "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்ற கேள்வி. 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டது. சேதி சொல்ல வழியில்லாத இரவு எப்படிப்பட்டது என்று உங்கள் ஜில்லாப் பெரியவர்களைக் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அமெச்சூர் ரேடியோ வேலையாக அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார் பாரதி பிரசாத். டெலிபோன்கள் ஓய்ந்த வேளையில், தவித்த குடும்பங்களுக்குத் தீவிலிருந்து சேதி சொன்னது அவருடைய ரேடியோ. அவரும் ஒரு தாய் பெற்ற பெண்தானே?

ஆகவே என் அபிப்பிராயம் இது: பெட்டியை இன்றே வாங்க வேண்டாம். பழைய பெட்டியைப் பழுது பார்க்க முடியுமா என்று விசாரிக்கட்டும். பரீட்சை எழுதட்டும். தேறிய அன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? பெட்டி கெட்டதும் அவள் கடைக்காரனைக் குறை சொல்லவில்லை. "என் புரோகிராமில்தான் தப்பு" என்றாள். அப்படிச் சொல்லத் தெரிந்த பெண்ணை நம்பிக் காசு கொடுக்கலாம். வளையல் சற்றுப் பொறுக்கட்டும்.