இந்த ஒரு நிரலை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம்

போட்டிக்காகச் செயலி உருவாக்கும் மாணவர்கள், "எல்லா நிரலையும் நாங்களே எழுதினோம்" என்று சொல்வதுண்டு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செயலி மற்றவர்களின் மறைச்சொற்களைச் சேமித்தால், அவற்றைக் காக்கும் பகுதியை மட்டும் நீங்களே எழுதக் கூடாது என்பேன்.

மறைச்சொல்லை அப்படியே சேமித்தால், திருட்டுப் போகும் நாளில் எல்லாம் அம்பலமாகிவிடும். அதனால் அதை 'ஹேஷ்' செய்து வைக்கிறார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஹேஷும் அப்படித்தான்.

கேட்க எளிதான இந்த வேலையில் வல்லுநர்களே சறுக்கியிருக்கிறார்கள். ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற புகழ்பெற்ற அறிஞர் உருவாக்கிய முறை எம்டி5. வெவ்வேறு இரு தகவல்களுக்கு அதில் ஒரே ஹேஷ் வரச் செய்யலாம் என்று 2004இல் சீனாவின் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினர்.

2012இல் லிங்க்டின் பயனர்களின் சுமார் 6.5 மில்லியன் ஹேஷ்கள் கசிந்தன. அவற்றில் 'உப்பு' இல்லை. உப்பு என்பது ஒவ்வொரு மறைச்சொல்லுடனும் சேர்க்கப்படும் தற்செயலான எழுத்துகள். அது இல்லாததால், ஒரே மறைச்சொல் வைத்திருந்த அனைவருக்கும் ஒரே ஹேஷ். ஒருவருடையதை ஊகித்தால் மற்றவர்களுடையதும் போச்சு.

1999இல் வந்த பிகிரிப்ட், 2015இல் அனைத்துலகப் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவை உப்புச் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக இயங்குகின்றன. முறையாக நுழைபவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கோ அது பெருந்தடை. இவற்றைத் தரும் நிரல் நூலகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

"நூலகத்திலும் பிழை இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருக்கும். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் பிழை வெளிப்பட்டது. ஆனால் பலர் பயன்படுத்தும் நூலகம் என்பதால் பலர் சோதிக்கிறார்கள். திருத்தமும் உடனே வந்தது. உங்கள் நிரலில் உள்ள பிழையை யார் தேடுவார்கள்? திருடன் மட்டுமே.

நூலகத்தை எடுத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம் என்று பொருளல்ல. பழைய எம்டி5 இன்னும் பல நூலகங்களில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது புதுப்பிப்பது என்பது உங்கள் பொறுப்பு.

கற்றுக்கொள்வதற்காகச் சொந்தமாக ஹேஷ் நிரல் எழுதுங்கள். நண்பர்களிடம் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். அதில் அவர்களுடைய மறைச்சொற்களை மட்டும் வைக்காதீர்கள்.