சின்ன ஸ்டேஷனிலும் நிற்கட்டும்

ஜப்பான் நாட்டு இரயில் என்றால் நம் தோழியர் அனைவரும் ஒரே குரலில் "புல்லட் இரயில்" என்பார்கள். 1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய அந்த வண்டியை நானும் வியக்கிறேன். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, அதே டோக்கியோவில், இன்னொரு வண்டி அறிமுகமாயிற்று. அதைப் பற்றி எவரும் பேச்சுப் போட்டியில் பேசுவதில்லை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்தான். 103 வரிசை மின்சார இரயில்.

அதன் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்தான். பள்ளிக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போய்த் திரும்புகிறவர்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. ஒவ்வொரு பெட்டியும் 20 மீட்டர் நீளம். இரு பக்கமும் நான்கு நான்கு அகலமான கதவுகள். சன்னலோரமாக நீண்ட இருக்கைகள், நடுவில் நிற்க இடம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். யமனோத்தே வட்டப் பாதைக்கு இளம்பச்சை, சூவோ பாதைக்கு ஆரஞ்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் பார்த்து ஏறிவிடலாம். 1984 வரை 3,400-க்கும் அதிகமான பெட்டிகள் செய்தார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை ஓய்வு பெற்றுவிட்டன. பின்வந்த புதிய வண்டிகள் அதே வேலையைச் செய்கின்றன.

யமனோத்தே வட்டப் பாதை 34.5 கிலோமீட்டர். அதில் 30 நிலையங்கள். எல்லாவற்றிலும் நின்றே, வண்டி சுமார் ஒரு மணி நேரத்தில் வட்டத்தைச் சுற்றி முடித்துவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பாதைதான் நினைவுக்கு வந்தது. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். தாராசுரம், சுவாமிமலை, சுந்தரபெருமாள் கோவில், நம் பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில், திட்டை என்று நடுவில் எட்டே நிலையங்கள். "எல்லா ஊரிலும் நின்றால் எப்போது போய்ச் சேருவது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி சரியல்ல என்பதுதான் என் கருத்து.

இஞ்சின் இழுக்கும் வண்டியில் முன்னால் இருக்கும் ஒன்றே அத்தனை பெட்டிகளையும் இழுக்க வேண்டும். நின்று கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. மின்சாரத் தொடர் வண்டிக்குத் தனி இஞ்சினே இல்லை. பல பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் இருக்கின்றன. அவை ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. திருவிழாவில் மாதாவின் சப்பரத்தை ஒருவர் தோளில் தூக்கப் பார்த்தால் அசையாது. பலர் தோள் கொடுத்தால் ஒரே மூச்சில் எழும்புகிறதல்லவா? அதைப் போலத்தான். கடைசி ஸ்டேஷன் வந்தால் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை. ஓட்டுநர் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடியில் ஏறிக்கொள்வார். ஆகவே அடிக்கடி நிற்பதுதான் இந்த வண்டியின் தொழில்; அதைக் குறை என்பது தையல் இயந்திரம் நிமிடத்துக்கு நூறு முறை ஊசி குத்துகிறதே என்று வருந்துவது போலாகும்.

நம் மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியது. 1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அதற்கென ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் செய்த இஞ்சின்களும் வந்து சேர்ந்தன. நம் பக்கத்து வண்டி விழுப்புரம் வரை நீராவியில் புகைந்துகொண்டு போகும். அங்கே கரி இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார இஞ்சினைப் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் முகத்துக் கரியைக் கழுவிக் காபி குடித்துவிடலாம் என்று என் தாத்தா இன்றும் சொல்வார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கம்பி விழுப்புரத்தைத் தாண்டி நம் பக்கம் வரவில்லை. 1877-லேயே தண்டவாளம் கண்ட ஊர் இது!

இப்போது பாபநாசத்திலும் கம்பி வந்துவிட்டது. வயலுக்கு நடுவே கம்பங்கள் அழகாகத்தான் நிற்கின்றன. அந்தக் கம்பியின் கீழே ஊருக்கு ஊர் நிற்கும் வண்டி காலையிலும் மாலையிலும் அடுத்தடுத்து வந்தால் அல்லவா அது நமக்கு வந்த மின்சாரம்?

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்குக் கும்பகோணத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. விரும்பிக் கேட்ட பாடமே கிடைத்தது. சோதனைச்சாலை வகுப்பு உள்ள நாள்களில் வீடு திரும்ப இருட்டிவிடும். பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை; நல்லதுதான். ஆனால் மாலையில் இடமும் இல்லை. ஒருநாள் படியில் நின்று வந்ததை அவளுடைய அப்பாவே பார்த்துவிட்டார். அடுத்த வாரம் அக்கா வீட்டிலிருந்தாள். இப்போது அஞ்சல் வழியில் வேறு பாடம் படிக்கிறாள். அப்பா கொடுமைக்காரர் அல்லர், பயந்தவர்.

டோக்கியோவிலும் இப்படிப் பயந்த அப்பாக்கள் இருந்திருக்கிறார்கள். 1912-இல் சூவோ பாதையில் மாணவியருக்கென்று தனி மின்சார வண்டி விட்டார்கள். கூட்டத்தில் சில ஆண்கள் தொல்லை செய்ததே காரணம். (தொல்லை செய்தவர்களை இறக்கிவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.) ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனாலும் நூறாண்டுக்கு முன்பே, பெண்பிள்ளை படிப்பதற்கு வண்டியின் நேரமும் ஒரு காரணம் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.

என் கருத்துக்கு மறுப்பு உண்டு. நம்முடையது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் ஸ்டேஷனில்தான் விலகிச் செல்ல முடியும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்று ஜப்பானைப் போல நாம் கேட்க முடியாது. டோக்கியோவின் கூட்டமும் பண்டாரவாடையில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது 'மெமு' என்னும் வண்டியைத்தான். அதில் பொதுவாக நான்கு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி. எட்டுப் பெட்டி போதும். தாம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அது ஓடுகிறது. நம் கம்பியிலும் அதே மின்சாரம்தான் பாய்கிறது. விரைவு வண்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளி, கல்லூரி நேரத்துக்கு, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். காலை 7.20-க்குத் தஞ்சாவூரில் புறப்பாடு. மாலை வண்டி கும்பகோணத்தில் 5.40-க்கு, சோதனைச்சாலை வகுப்பு முடிந்து நடந்து வர அவ்வளவு நேரம் வேண்டும் என்று அக்காவே சொன்னாள். பண்டாரவாடையில் ஒரு நிமிடம்தான் போட்டிருக்கிறேன். ஏறுகிறவர்கள் முன்கூட்டியே வந்து நிற்பார்கள்.