ராத்திரி ஊசியும் மத்தியானச் சாப்பாடும்

சகோதரிகளே, சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. "ஊசிதான் போட்டாச்சே, இனி எதைச் சாப்பிட்டாலும் அது பார்த்துக்கொள்ளும்" என்று. எல்லா ஊசியும் அப்படியல்ல. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் பேச்சிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு, நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் போடுகிறார். விடியுமுன் வெறும் கட்டஞ்சாயாவோடு தோட்டத்துக்குப் போய்விடுவார். மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும். நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வந்தார்.

"சிஸ்டரே, மத்தியானம் சாப்பிட்ட பொறவு 280 இருக்கு. ராத்திரி ஊசியில நாலு யூனிட் கூட்டிப் போடட்டா?"

"காலையில வெறும் வயித்துல எவ்வளவுக்கா?"

"82. வெட்டும்போது கை நடுங்குது, குப்புனு வேர்க்குது. அது களைப்புதானே?"

அது களைப்பல்ல, சர்க்கரை இறங்குவதன் அடையாளம். பகலில் ஏறுகிறதே என்று ராத்திரி ஊசியைக் கூட்டினால், ஆளில்லாத தோட்டத்தில் கையில் கத்தியோடு மயங்கி விழ நேரும்.

காரணம் இதுதான். நாம் தூங்கும்போதும் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கும். அதை அடக்கி வைப்பதே நீண்டநேர இன்சுலினின் வேலை. சாப்பிட்டதும் குபீரென்று ஏறுகிற சர்க்கரையைப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. அதற்கு வேண்டியது சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர இன்சுலின், அல்லது மாத்திரை. கூடவே உணவில் கட்டுப்பாடு.

1922-ல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்த இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. டென்மார்க்கில் ஹாகெடோர்னின் ஆய்வுக்கூடத்தார் 1946-ல் உருவாக்கிய என்.பி.ஹெச். என்ற பால்நிற மருந்து அரை நாளுக்கு மேல் தாங்கும். ஆனால் போட்ட நாலு மணி முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் உச்சம் விடியுமுன் வரும்! 2000-ல் வந்த கிளார்ஜின் தெளிந்த நீர் போலிருக்கும். பெரிய உச்சமில்லாமல் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் தாங்கும். உங்களுடையது எதுவென்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ராத்திரி அளவைக் குறைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேறு ஊசி எழுதிக் கொடுத்தார். இப்போது அக்கா இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வெட்டுக்குப் போகிறார். நடுக்கமும் வேர்வையும் நின்றிருக்கின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. நீண்டநேர ஊசியைத் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒருவேளை மறந்தால், மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது.

2. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதியுங்கள். பெரும்பாலோருக்கு 180-க்குள் இருப்பது நல்லது. வெறும் வயிற்றில் 80 முதல் 130. வயதானவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லலாம்.

3. மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. விடவே முடியாதென்றால் அளவைக் குறைத்து, மீனையும் கீரையையும் கூட்டுங்கள். முதலில் கறியும் மீனும், கடைசியில் கிழங்கு. ஏத்தன்பழம், சக்கைப்பழத்தை அதே வேளையில் சேர்க்க வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் நடங்கள்.

4. நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால், அல்லது சர்க்கரை 70-க்குக் கீழே போனால், உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

வேலைக்குப் போகிறவர் முந்தானையில் ஒரு சிறு சீனிப் பொட்டலம் முடிந்திருக்கட்டும். உடன் வேலை செய்கிறவரிடம் வியாதியைச் சொல்லி வைக்க வெட்கப்படவேண்டாம். ஊசி அளவை மாற்றுவது மட்டும் டாக்டர் பொறுப்பு. வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று இரண்டு கணக்கையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவது நம் பொறுப்பு.